வீதியும் வெள்ளமும்

வீதி வண்டிக்கு மட்டுமன்று, மழைநீருக்கும் உரியது என்றால் வாசகர் நகைக்கக்கூடும். ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் அதுவே ஏற்பாடு. நிலத்தடிக் குழாய்கள் நிரம்பியபின் எஞ்சும் நீரைத் தாங்குமாறு வீதிகள் வீடுகளிலும் தாழ்வாக அமைக்கப்படுகின்றன.

நல்ல யோசனைதான். ஆனால் நகரின் மேற்கே நடந்ததைக் கேளுங்கள். 1929, 1935ஆம் ஆண்டுகளின் வெள்ளங்களுக்குப் பின்னர் அங்கு அடிக்ஸ், பார்க்கர் என்னும் இரு அணைகள் 1940களில் எழுந்தன. மழையற்ற காலத்தில் அவற்றின் உட்புறம் வெறுந்தரையே. நீர் ஏறக்கூடிய நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. வீதிகள் நீண்டன, வீடுகள் தொடர்ந்தன. அயல் வட்டாரத்துக் காணிப்படங்கள் சிலவற்றில் எச்சரிக்கைக் குறிப்பு இருந்ததாம்; அதைப் படித்து வீடு வாங்குவோர் எத்தனை பேர்? 2017இல் ஹார்வி புயலின்போது ஆயிரக்கணக்கான வீடுகளுள் நீர் புகுந்தது.

மறு ஆண்டு ஹாரிஸ் வட்டார மக்கள் வெள்ளத் தடுப்புக்கென 250 கோடி டொலர் கடன் பெற வாக்களித்தனர். அதில் ஒரு பகுதி, தாழ்நிலத்து வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, நிலத்தை நீருக்கே விடுவதற்கு.