ஒப்புக்கொடுப்பதற்கு முன்

"வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்க பாட்டி, மனசு லேசாயிடும்." கல்லாவிப் பக்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கத்தோலிக்கப் பாட்டிக்கு இந்த ஆறுதல் தவறாமல் கிடைக்கும். சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் வாய் திறக்காமல் வலியைத் தாங்குவதே பக்தி, புலம்பினால் விசுவாசம் குறைவு என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வருகிறது. பாட்டி புலம்பாமல் இருந்தால் யாருக்கு அமைதி?

அந்த வலிக்குத் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பாறையைத் துளைத்து எடுக்கும் போர்த் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கல்லாவி இருக்கும் ஊத்தங்கரை வட்டாரத்தில் அதைத் தாண்டிய தண்ணீர் உண்டு. குழந்தையாக இருக்கும்போது குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும்; வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகும், முதுகு வளையும். எல்லா முழங்கால் வலிக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைச் சோதிக்காமலே 'கடவுள் தந்த சிலுவை' என்று முடிவு கட்டுவது, போர்வெல்லின் குற்றத்தைக் கடவுள் தலையில் கட்டுவதாகும்.

இந்த மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் நோய்) தணிப்பு என்று இருக்கிறது. 2008இல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ஜப்பான் கடனுதவியோடு வேலை நடந்து 2013இல் திட்டம் திறக்கப்பட்டது. ஒப்புக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தவர்களால் வந்த காவிரியல்ல அது; கேட்டுக் கேட்டு வந்தது. லூக்கா நற்செய்தியில் செபத்துக்கு இயேசு காட்டும் உதாரணமும் அப்படித்தான்: நேர்மையற்ற நடுவரை நியாயம் கேட்டு நச்சரித்த கைம்பெண். அவளை யாரும் விசுவாசம் இல்லாதவள் என்று சொல்லக் காணோம்.

இயேசுவே கெத்சமனியில் துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி முதலில் கேட்டார். தந்தையின் விருப்பத்துக்கு விட்டது அதற்குப் பிறகு. விசாரணையில் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, ஏன் அடித்தாய் என்று திருப்பிக் கேட்டார். யோபு புலம்பித் தீர்த்தார். கடவுள் சினம் கொண்டதோ அவருக்குப் புத்தி சொன்ன நண்பர்கள்மீது. தவக்காலத்தில் நாம் முழந்தாளிடும் சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலை எது? சீமோன் வந்து சிலுவைக்குத் தோள் கொடுப்பது. துன்பத்தின் மீட்பு மதிப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984இல் எழுதிய மடலும், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற நல்ல சமாரியரிடம்தான் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்தப் பகுதிகள் ஏனோ ஆறுதல் சொல்பவர்களுக்கு நினைவுக்கு வருவதில்லை.

இறுகிய மூட்டு முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. வைத்தியம் பார்த்து, நல்ல தண்ணீருக்கு மாறிய பிறகும் மிஞ்சும் வலியைப் பாட்டி விரும்பினால் ஒப்புக்கொடுக்கட்டும்; அது அவருடைய செபம், அதில் தலையிட நான் யார்? ஆனால் பேத்தியின் பல்லை ஒப்புக்கொடுக்கப் பாட்டிக்கும் உரிமையில்லை, பங்குச் சாமியாருக்கும் இல்லை. அந்தப் பிள்ளை குடிக்கும் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு இந்த வாரமே கொடுத்தனுப்புங்கள்.