மகன் கூண்டில், தகப்பன் கோயிலில்!

சென்ற 2025ஆம் வருஷத்தில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நாம் நேரில் கண்ட காரியம் ஒன்றை நமது வாசகர்களுக்குச் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது.

குற்றவாளிக் கூண்டில் நின்றவன் 23 வயது வாலிபன். லாரிப் பட்டறையில் வேலை செய்பவன். திருவிழாக் கூட்டத்தில் ஏற்பட்ட சண்டையில் தடியெடுத்து அடித்து, இன்னொரு பையனின் கையை முறித்துவிட்டான். அடித்தது நிஜம். அதற்கு முன் அவன்மேல் வழக்கு எதுவும் கிடையாது என்பதும் நிஜம். ஜாமீனில் இருந்தபடியே விசாரணைக்கு வந்துகொண்டிருந்தான். தீர்ப்பு நாளன்று குற்றம் ருஜுவாயிற்று என்று சொன்ன மாஜிஸ்திரேட், "தண்டனை விஷயமாக ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டார். பையன் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தான். அவனைச் சேர்ந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. "ஒன்றுமில்லைங்க" என்றான். ஒன்றரை வருஷம் என்று தண்டனை ஆயிற்று. அப்பீல் செய்யப் போகிறோம் என்று வக்கீல் சொன்னதன் பேரில் ஜாமீனில் விடக் கோர்ட்டார் சம்மதித்தும், ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் அன்று சாயங்காலம் அவனை ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு இராத்திரி உள்ளே இருந்தான்.

தகப்பனார் எங்கே போனார் என்று கேட்பீர்கள். சோதிடன் சொன்னபடி ஏழரைச் சனிக்கு எள் விளக்கு ஏற்ற இரண்டு ஜில்லா தாண்டிப் போயிருந்தார். தாயார்? பெண்பிள்ளை கோர்ட்டுப் படி ஏறினால் குடும்ப மானம் போய்விடும் என்று வீட்டிலேயே இருக்கும்படி உத்தரவு.

அந்தத் தகப்பனாரை வைவதற்காக நாம் இதை எழுதவில்லை. பிள்ளைமேல் பிரியமில்லாதவனா கடன் வாங்கிப் பரிகாரம் செய்வான்? ஆனால் அவருடைய பிரியம், விலாசம் தப்பிய கடிதம்போல் போகவேண்டிய இடத்திற்குப் போய்ச் சேரவில்லை. சனிதான் பையன் கையில் தடியைக் கொடுத்தது என்றால், தண்டனை சனிக்கல்லவோ போக வேண்டும்? பையன் செய்ததற்குப் பையன் பொறுப்பில்லை என்றால், இனிமேல் அவன் திருந்துவது எப்படி? சனி நகருகிற வரையில் ஊரிலுள்ளவர்களின் கைகளெல்லாம் முறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதானா? கோர்ட்டிலே "எங்கள் பிள்ளைக்குச் சனி திசை" என்று மனுப்போட எந்தச் சோதிடனாவது முன்வருவானா?

நிற்க. கோர்ட்டார் கேட்ட அந்தக் கேள்வி ஏதோ மரியாதைக்குக் கேட்கிற கேள்வி என்று நம்மவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. 1898ஆம் வருஷத்துச் சட்டத்தில் தண்டனையைப் பற்றி இப்படித் தனியாகக் கேட்கும் ஏற்பாடே கிடையாது. 1974 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த குற்ற விசாரணைச் சட்டத்தில்தான் அது வந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடக்கும் புதுச் சட்டத்திலும் இருக்கிறது. 1976இல் சாந்தா சிங் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்கையே, தண்டனை விஷயமாக அவரைக் கேட்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பினார்கள். வயது, படிப்பு, தொழில், குடும்ப நிலை, முன் நடத்தை, திருந்துவதற்குள்ள வழி இவைகளையெல்லாம் தக்க ஆதாரத்தோடு காட்ட இடம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மனுவின் சட்டத்தில், எந்தக் குற்றம் செய்தாலும் பிராமணனைக் கொல்லாமல் அவன் பொருளோடு நாடு கடத்து என்று எழுதி வைத்தார்கள். அங்கே தண்டனை ஜாதியைப் பார்த்தது. இங்கே ஆளைப் பார் என்று சட்டம் சொல்லுகிறது. பார்க்கச் சொன்ன ஆளைக் காட்டுவதற்குத்தான் வீட்டார் யாரும் வருவதில்லை!

இன்னும் கேளுங்கள். 1958ஆம் வருஷத்துக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தூக்கோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாயில்லாவிட்டால், குற்றத்தின் தன்மையையும் ஆளின் குணத்தையும் பார்த்து, ஜெயிலுக்கு அனுப்பாமல், மூன்று வருஷத்துக்கு மேற்படாத காலம் ஒழுங்காய் இருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட்டார் விடலாம். இதற்கு வயது வரம்பு இல்லை. தண்டனை நாளன்று 21 வயது நிரம்பாதவனாயிருந்தால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்த்து, ஏன் ஜெயில்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் எழுதியே அனுப்ப வேண்டும். (போதைப்பொருள் வழக்குகளில் 18 வயது ஆனவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சலுகை கிடையாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.) அப்படி விடுவதற்கு முன் சட்டம் என்ன பார்க்கச் சொல்லுகிறது தெரியுமா? அவனுக்காவது, அவனுக்காகப் பிணை நிற்பவருக்காவது, அந்தக் கோர்ட்டு எல்லைக்குள் நிலையான வீடோ தொழிலோ இருக்கிறதா என்று! அதாவது தகப்பனுடைய வீட்டைச் சட்டமே தேடுகிறது. தகப்பனாரோ எள் மூட்டையோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார்.

ஆகவே தீர்ப்பு நாளைக்கு முன்பே வக்கீலோடு உட்கார்ந்து பேச வேண்டும். பட்டறை முதலாளியிடம், "வேலை வைத்திருக்கிறேன்" என்று ஒரு கடிதம் வாங்கவேண்டும். பள்ளிக்கூடச் சான்று, வைத்தியச் சீட்டு, அவன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவர் யார் யார் என்ற விவரம் இவைகளெல்லாம் வக்கீல் மூலமாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். மாஜிஸ்திரேட்டைத் தனியே பார்க்கிறேன், பெரிய மனிதரின் சிபாரிசு பிடிக்கிறேன் என்று வருகிற தரகனுக்கு ஒரு காசும் கொடுக்கக்கூடாது. அவனும் சோதிடனுக்குத் தம்பிதான். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட சட்ட உதவி மையத்தில் கேட்கலாம். ஜெயிலில் இருப்பவன் எவனும், பெண்களும், தாழ்த்தப்பட்டோரும் வருமானக் கணக்குப் பாராமலே கேட்கலாம். தண்டனையானால் தீர்ப்பு நகல் இலவசமாய்க் கிடைக்கும். மாஜிஸ்திரேட் தீர்ப்பின்மேல் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் செய்ய 30 நாள்; அப்பீல் கோர்ட்டாரும் நன்னடத்தைச் சட்டப்படி விடலாம்.

மற்றொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். பிள்ளைமேல் வழக்கு வந்தவுடன், "இவனுக்கும் எங்களுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை" என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டு ஜாதி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளுகிறவர்கள். அவன் சம்பளம் கொண்டுவந்து கொடுத்த நாளில் இந்த விளம்பரம் எங்கே போயிற்று?

பிள்ளைக்குத் துணை நிற்பது வேறு, அவன் செய்தது சரி என்று சாதிப்பது வேறு. "எங்கள் பையன் பசு" என்று கோர்ட்டில் பொய் சொல்லுகிற தகப்பன் பையனையும் கெடுத்து, தன் வார்த்தைக்குள்ள மதிப்பையும் போக்கடித்துக்கொள்ளுகிறான். கை முறிந்தவனும் ஒரு தாயின் பிள்ளைதான். அவன் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் இருந்தான். நன்னடத்தைச் சட்டத்தில் விடும்போதே அடிபட்டவருக்கு நஷ்டஈடு கட்டச் சொல்லக் கோர்ட்டாருக்கு அதிகாரமிருக்கிறது. பரிகாரத்துக்கு வாங்கிய கடனை அங்கே வக்கீல் மூலம் கட்ட ஒப்புக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர்தான் பரிகாரம். 23 வயது ஆனவன் குழந்தையுமல்ல. என்ன ஒப்புக்கொள்ளுவது, என்ன கேட்பது என்பதை அவன் வாயால் சொல்லட்டும். தாய் தகப்பன் பின்னால் உட்கார்ந்திருந்தால் போதும்.

மேற்படி வழக்கின் அப்பீல் இன்னும் முடியவில்லை. சென்ற வாய்தாவுக்குத் தகப்பனார் வந்திருந்தார். பக்கத்தில் தாயார், மடியில் ஒரு துணிப்பை; அதில் பட்டறைக்காரர் கடிதமும் ரேஷன் கார்டும் இருந்தன. பெயர் கூப்பிட்டதும் பையன் திரும்பிப் பார்த்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நேராய் நின்றான்.