ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்!



மின்வெட்டில் நின்ற ஃபில்டர் மோட்டார் திரும்ப ஓடவில்லை. இரண்டு நாள் கவனிக்காதது என் தவறு. பேரனின் ஏழு மீனில் மூன்று போயிற்று. அம்மோனியா 2 பிபிஎம். இருக்க வேண்டியது 0.

"தண்ணிய முழுக்கக் கொட்டிட்டு, ஸ்பாஞ்சைக் குழாய்ல கழுவுங்க சார்" என்றார் கடைக்காரர். அநியாயம்! அம்மோனியாவை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குடியிருப்பதே அந்த ஸ்பாஞ்சில்தான். ஓட்டமில்லாமல் கொஞ்சம் ஏற்கெனவே செத்திருக்கும். மிச்சத்தையும் குளோரின் தண்ணீரில் கொல்லச் சொல்கிறார். நைட்ரஜன் சுழற்சி படம் வரைந்து மார்க் வாங்கினீர்களே, அதேதான்! மீன் விற்கும்போது இதை ஏன் சொல்வதில்லை? செத்தால் இன்னொன்று விற்கலாம் என்றா?

குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதி மட்டும் மாற்றினேன். தீனியை நிறுத்தினேன். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினேன். புது மோட்டார் ஓடுகிறது. நாலும் நீந்துகின்றன. அளவு இன்னும் 0.5, நாளையும் பாதி மாற்ற வேண்டும்.