பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துக் கன் வாங்காதீர்கள்

கார் வேலைக்கு, நட்டைக் கழற்றி முடுக்கும் பேட்டரி இம்பாக்ட் கன் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, “எத்தனை நியூட்டன் மீட்டர்?” என்றுதான். 300 என்றால் உதட்டைப் பிதுக்குவார். 1,000 என்றால் உடனே கையில் எடுத்துப் பார்ப்பார். சென்னை லிங்கிச் செட்டித் தெருவானாலும் ஆன்லைன் கடையானாலும் வியாபாரம் முறுக்குவிசையைக் குறிக்கும் இந்த ஒரே எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. எண் பெரிதாக இருந்தால் கன் நல்லது என்ற இந்த நம்பிக்கை தவறு. பணம் வீணாவதோடு போனால் பேசாமல் இருந்துவிடலாம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுக்கே கேடு வருகிறது என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

காருக்கு எவ்வளவு வேண்டும்? ஹோண்டா சிட்டியின் வீல் நட்டை 108 நியூட்டன் மீட்டரில் முடுக்கச் சொல்கிறது கம்பெனி. டொயோட்டா கொரோலாவுக்கு 103, ஃபோக்ஸ்வாகன் போலோவின் வீல் போல்ட்டுக்கு 120. துருப்பிடித்த நட்டையோ, முன்பு யாரோ கண்மண் தெரியாமல் முடுக்கிய நட்டையோ கழற்ற இதைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு தேவைப்படலாம். நடுத்தரக் கன்களில் மகீட்டா டிடிடபிள்யூ285 முடுக்க 280, கழற்ற 500 தருகிறது. போஷ் ஜிடிஎஸ் 18வி-400 முடுக்க 400, கழற்ற 600. சக்கரம், பிரேக் காலிப்பர், ஷாக் அப்சார்பர் என்று வீட்டு முற்றத்தில் நடக்கும் வேலைக்கெல்லாம் இதுவே தாராளம். 1,000க்கு மேலே போகும் கன்கள் லாரி சக்கரத்துக்கும் இரும்புக் கட்டுமானத்துக்கும் ஏற்றவை. விதிவிலக்கு உண்டு: ஹோண்டா கிராங்க் புல்லி போல்ட் பல மெக்கானிக்குகளை அழவைத்திருக்கிறது, ஆக்ஸில் நட்டும் லேசில் அசையாது. தினமும் அதையே கழற்றும் பட்டறைக்குப் பெரிய கன் ஒன்று வேண்டும். எப்போதாவது ஒருமுறை கழற்றுகிறவருக்கு நீளமான கைப்பிடி ஒன்று போதும்.

அந்த எண்ணிலும் சூட்சுமம் இருக்கிறது. முடுக்கும் விசை வேறு, கழற்றும் விசை வேறு. பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். ஒரு கன் தன் உச்ச விசையை எட்ட, முழு சார்ஜில், பெரிய போல்ட்டின் மேல் சில விநாடிகள் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மகீட்டாவின் கையேட்டிலேயே நேரம் ஏற ஏற விசை ஏறும் வரைபடம் இருக்கிறது. அதே கன்னில் ஐந்து செல் கொண்ட சின்ன பேட்டரியை மாட்டினால் பத்து செல் பேட்டரி தரும் அடி கிடைக்காது. வோல்ட் கணக்கு இன்னும் மோசம். ஐந்து லித்தியம் செல்களை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். முழு சார்ஜில் 21. டிவால்ட் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் ஒரே பேட்டரிதான். மலிவுக் கன்களின் மேல் 48விஎஃப், 128விஎஃப் என்று ஒட்டியிருப்பது வோல்ட்டே அல்ல. உள்ளே இருப்பவை பெரும்பாலும் அதே வரிசைச் செல்கள்தாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது, கன் வேலை செய்யும் விதம். உள்ளே மோட்டாரோடு சுழலும் ஒரு சுத்தியலும், சாக்கெட்டைத் தாங்கும் ஒரு பட்டறைக்கல்லும் இருக்கின்றன. நட் இறுகி முரண்டு பிடித்ததும் சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கி, மீண்டும் பாய்ந்து மோதும். நிமிடத்துக்கு 2,000, 3,000 அடிகள். அந்த அடியின் எதிர்விசை மணிக்கட்டுக்கு முழுதாக வராது. ஸ்பேனரால் முடுக்கும்போது எவ்வளவு இறுகியது என்று தோள் சொல்லும். கன்னைப் பிடித்த கைக்கு அது தெரியாது. டிரிகரை இன்னும் ஒரு விநாடி அழுத்தினால் முப்பது முதல் ஐம்பது அடி கூடுதலாக விழும். கன் பெரிதாக ஆக, அந்த ஒரு விநாடியின் விலையும் ஏறுகிறது. ஸ்டட் தன் எல்லையைத் தாண்டி நீளும், மரை போகும். நீண்டுவிட்ட ஸ்டட்டால் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்க முடியாது. ஒருநாள் அது முறியும்.

பல டயர் கடைகளில் “நல்லா டைட் வச்சிருக்கேன் சார்” என்பதைத் தரத்துக்கு அத்தாட்சியாகச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காரோடு வரும் ஸ்பேனர் சுமார் ஓர் அடி நீளம். 60 கிலோ எடையுள்ளவர் அதன் நுனியில் ஏறி நின்றாலும் சுமார் 180 நியூட்டன் மீட்டர்தான் கிடைக்கும். கன்னால் 350க்கு முடுக்கிய நட் அதற்கு அசையாது. இரவில் பைபாஸில் பஞ்சராகி, பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஸ்டெப்னி இருந்தும் மாட்ட முடியாமல் நிற்பவரை அந்த “நல்ல டைட்” எப்படிக் காப்பாற்றும்?

கன் வாங்கும்போது கையில் எடுத்துத் தூக்கிப் பாருங்கள். நடுத்தரக் கன் பேட்டரியோடு சுமார் இரண்டு கிலோ இருக்கும். பெரியது மூன்றைத் தாண்டும், வீல் ஆர்ச்சுக்குள் நுழையவும் சண்டை போடும். வேகத்தை இரண்டு மூன்று நிலைகளில் மாற்ற முடிகிறதா, நட் கழன்றதும் தானாக நிற்கிறதா என்று கேளுங்கள். மூன்று வருடம் கழித்து அதே பேட்டரி இந்த ஊரில் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். கன் நன்றாக இருந்தும் மூலையில் போடப்படுவது பேட்டரி கிடைக்காமல்தான். பெரிய எண்ணுக்காகக் கொடுக்கவிருந்த மிச்சப் பணத்துக்கு, குறித்த அளவில் முடுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்சும், குரோம் மாலிப்டினத்தில் செய்த கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டுகளும் வாங்குங்கள். கைஸ்பேனரோடு வரும் பளபளப்பான சாக்கெட் இந்த அடிக்குத் தாங்காது. தெறித்தால் கண் போகும்.

கன் கழற்றுவதற்கு. மாட்டும்போது நட்டைக் கையால் நான்கைந்து மரை ஏற்றிவிட்டு, கன்னைக் குறைந்த வேகத்தில் வைத்து நட் ஒட்டும்வரை மட்டும் ஓட்டுங்கள். ஜாக்கியை இறக்கி, டார்க் ரெஞ்சால் எதிரெதிர் நட்டாக முடுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள். எண்ணெய் டிரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக் பக்கம் மாட்டும்போது கன்னைக் கொண்டுபோகவே வேண்டாம். அலுமினிய மரை ஒரு விநாடிகூடத் தாங்காது. டயர் கடைக்காரர் கன்னாலேயே முடித்து அனுப்பினால், வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு நட்டையும் லூஸ் செய்து, டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்கிவிடுங்கள்.