முதுகுத் தண்டில் ஒரு குமுட்டி அடுப்பு

அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தில் தெரியாமல் விரல் பட்டுவிட்டால் என்ன செய்கிறீர்கள்? "ஐயோ!" என்று வாயைத் திறப்பதற்கு முன்பே கை பின்னால் வந்துவிடுகிறது, அல்லவா? அந்த உத்தரவைப் போட்டது மூளை அல்ல. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம். சேதி மூளைக்குப் போய், 'சுடுகிறது' என்று நாம் உணர்வதற்குள் காரியம் முடிந்து விடுகிறது.

வலியின் சேதி வந்து நுழைகிற அந்தத் தண்டுவடத்தின் பின்புறத்தில், சில நரம்பணுக்கள் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கின்றன என்றால் நம்புவீர்களா?

"ஈஸ்ட்ரோஜனா? அது பெண்களின் ஹார்மோன் ஆயிற்றே! சூற்பையில் அல்லவா சுரக்கிறது?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். 1923-ல் அமெரிக்காவில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்ஸி என்ற இருவர், பன்றியின் சூற்பையிலிருந்து எடுத்த திரவத்தில் அதன் சக்தியைக் கண்டார்கள். அன்றிலிருந்து வெகு காலம் விஞ்ஞானிகளும் உங்களைப் போலத்தான் எண்ணியிருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் நாஃப்டோலினும் அவருடைய சகாக்களும், மூளையும் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும் என்று காட்டினார்கள்.

தயாரிக்கும் முறையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மூலப் பொருள், 'ஆண் ஹார்மோன்' என்று பெயர் வாங்கிய டெஸ்டோஸ்டிரோன்! அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் சமையற்காரருக்கு அரோமடேஸ் என்று பெயர். சூற்பை கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பு என்றால், நரம்பணு ஒரு குமுட்டி அடுப்பு. ஊருக்கெல்லாம் அனுப்பாமல், அங்கேயே காய்ச்சி அண்டை வீட்டுக்கு மட்டும் ஊற்றிக் கொடுக்கிறது.

ஹென்றி எவ்ரார், பெல்ஜியத்து லியேஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜாக் பால்தஸார் ஆகியோர் 2004-ல் வெளியிட்ட சோதனை சுவையானது. சோதனைக்கு வந்தவை காடைகள். அதுவும் ஆண் காடைகள்! காலை வெந்நீரில் வைத்தால் காடை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அரோமடேஸை முடக்கும் மருந்தைத் தண்டுவடப் பக்கம் செலுத்தினார்கள். ஒரே நிமிஷத்தில் காடை காலை இழுக்கத் தாமதித்தது. கூடவே ஈஸ்ட்ரோஜனையும் கொடுத்தபோது அந்தத் தாமதம் நீங்கியது. ஆக, தண்டுவடத்து ஈஸ்ட்ரோஜன்தான் வலியைக் கூர்மையாக வைத்திருந்தது! ஹார்மோன் வேலை செய்ய மணிக்கணக்காகும், நாள்கணக்காகும் என்று படித்தவர்களுக்கு அந்த ஒரு நிமிஷம் பெரிய ஆச்சரியம்.

"காடைக்குச் சரி, நமக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா? விஷயம் இருக்கிறது, சகோதரிகளே.

மாதவிலக்கு நின்ற பிறகு மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் பலருக்கு அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் போன்ற மாத்திரைகளை வருஷக் கணக்கில் கொடுக்கிறார்கள். அவை முடக்குவதும் இதே அரோமடேஸைத்தான். நோய்க்கு ஊட்டமளிக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைய வேண்டும் என்பதற்காக. ஆனால், சாப்பிடுகிறவர்களில் பலருக்கு மூட்டு வலி, காலையில் விரல் மடக்க முடியாத விறைப்பு. காடைக்கு வலி குறைய, நமக்கு மட்டும் கூடுவானேன்? ஈஸ்ட்ரோஜன் எல்லா இடத்திலும் ஒரே குணம் காட்டுவதில்லை. ஓரிடத்தில் வலியைத் தூண்டும், வேறிடத்தில் தணிக்கும். தண்டுவடத்தில் ஒரு நிமிஷம் குறைவது வேறு. உடம்பு முழுவதும் மாதக் கணக்கில் குறைவது வேறு.

ஆகையால் உங்கள் அம்மாவோ அத்தையோ அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு "மூட்டெல்லாம் வலிக்கிறதடி" என்றால், 'வயசானால் அப்படித்தான்' என்று தள்ளிவிடாதீர்கள். அது பிரமை அல்ல. அதே சமயம், வலிக்குப் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் விடாதீர்கள். நோய் திரும்ப வழி வைத்ததாகிவிடும். டாக்டரிடம் அழைத்துப் போய் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மாற்று மாத்திரை உண்டு. வலிக்கு மருந்து உண்டு. தினசரி நடையும் தேகப் பயிற்சியும் பலருக்கு நிவாரணம் தருகின்றன. சொன்னால்தானே அவருக்கும் தெரியும்!