சரக்கு நம்முடையது, சீட்டு யாருடையது?

1690ஆம் ஆண்டு. செஞ்சியிலே அதிகாரம் செலுத்திய மராட்டியரிடம், கடலூரை அடுத்த ஒரு கோட்டைக்கு விலை பேசுகிறது கிழக்கிந்தியக் கம்பெனி. பணம் கைமாறுகிறது, பத்திரம் எழுதப்படுகிறது. அந்தப் பத்திரத்திலே ஒரு வரி: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டுகிற தொலைவு வரையிலுள்ள நிலமும் விற்பனையில் சேரும் என்று. விற்றவர் அந்த வரியை என்னவென்று எண்ணினாரோ! வாங்கியவன் என்ன செய்தான் தெரியுமா, தோழர்களே? வெகுதூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்தான். நாலாபக்கமும் சுட்டான். குண்டு விழுந்த எல்லைவரை கம்பெனிக்காரன் சொத்து! கடலூர் பட்டினமும் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களும் ஒரே வாக்கியத்திலே பறிபோயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அங்கே நிற்கிறது. அதுதான் செயிண்ட் டேவிட் கோட்டை. 1746இலே சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, கம்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடமாகவே அது மாறிற்று.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பிளஸ் டூ முடிவு வெளிவந்ததும் நம் தோழர் வீடுகளிலே ஒரு பேச்சு எழும். பையன் 'இண்டர்நேஷனல் பிசினஸ்' படிக்க வேண்டும் என்பான். தகப்பனார் திகைப்பார். "கப்பலும் கம்பெனியும் வைத்திருக்கிறவன் படிக்கிற படிப்பல்லவா அது? களை பறிக்கிற வீட்டுக்கு எதற்கு?" என்பார். அவரைக் குறை கூற மாட்டோம். பன்னாட்டு வணிகம் என்ற பெயரே பட்டும் பகட்டுமாகத்தான் காதில் விழுகிறது. ஆனால் அந்த வணிகத்தால் உயர்வதும் தாழ்வதும் யாருடைய வாழ்வு?

காட்டுமன்னார்கோயிலையே எடுத்துக்கொள்வோம். வீராணத்துத் தண்ணீர், வயலெல்லாம் நெல். 2023 ஜூலை 20ஆம் நாள், பாசுமதி அல்லாத பச்சரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதென்று டில்லி ஓர் அறிவிக்கை போட்டது. அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு நூற்றுக்கு 20 வரி. உலகச் சந்தையில் கைமாறும் அரிசியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவிலிருந்து போவது. ஆகவே அமெரிக்காவிலே இருக்கும் நம்மவர் கடைகளில் முண்டியடித்து மூட்டை மூட்டையாக அரிசி வாங்கினார்கள். தடை நீங்கியது 2024 செப்டம்பரில். இடைப்பட்ட பதினான்கு மாதம் யார் எதை எங்கே தேக்கினார், எந்த விலைக்கு வாங்கி எந்த விலைக்கு விற்றார் என்பது, அறிவிக்கையைப் படித்த அன்றே பொருள் விளங்கிக்கொண்டவர்களுக்குத் தெரியும். நாற்றுவிட்ட நம் உழவருக்குத் தெரிந்ததெல்லாம் கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை காத்துக்கிடந்தது மட்டுமே.

இதே மாவட்டத்தில் பண்ருட்டி. முந்திரிக்குப் பெயர்போன ஊர். கொட்டை உடைக்கும் சகோதரிகளின் விரல்களைப் பாருங்கள். தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுக் கருகியிருக்கும். அவர்கள் உடைக்கும் கொட்டை முழுவதும் நம் செம்மண்ணிலே விளைந்ததல்ல. ஐவரி கோஸ்ட், கானா, தான்சானியா என்று ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கி வருவதும் உண்டு. அங்கே மூட்டைக்கு விலை வைப்பது எப்படி? 80 கிலோ மூட்டையை உடைத்தால் எத்தனை ராத்தல் நல்ல பருப்பு தேறும் என்பதே கணக்கு. உடைத்த பருப்புக்கோ வேறு தரம்: 'டபிள்யூ 320' என்றால் ராத்தலுக்கு 300 முதல் 320 வரை முழுப்பருப்பு. 'டபிள்யூ 180' என்றால் அதைவிடப் பெரிது, விலையும் பெரிது. பருப்பைத் தரம்பிரிக்கும் கை நம் பெண்களின் கை. தரத்துக்கு விலை எழுதும் கை எங்கோ இருக்கிறது!

வியட்நாமைப் பாருங்கள். குண்டுமாரி பொழியப்பட்ட நாடு. 2006இலே முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்திக்கொண்டு முதலிடத்துக்கு வந்தது. அவர்களுக்கும் கொட்டையில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. மண்வளத்தைக் காட்டி நாம் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. இயந்திரத்தில் முந்தினார்கள், எங்கே, எப்போது, எந்த நிபந்தனையில் வாங்குவது, யாருக்கு விற்பது என்ற அறிவையும் வளர்த்துக்கொண்டார்கள்.

அந்த நிபந்தனை இருக்கிறதே, அதுதான் இந்தப் படிப்பின் உயிர்நிலை. சற்று விளக்குவோம்.

கப்பலிலே சரக்கு ஏறியதும் கப்பல் கம்பெனி ஒரு சீட்டுத் தரும். துறைமுகத்தார் அதை 'பி.எல்.' என்பார்கள். சாதாரண ரசீது என்று எண்ணிவிடாதீர்கள். உரியவரின் கையெழுத்தோடு அது யாரிடம் வந்து சேர்ந்திருக்கிறதோ, அவருக்கே சரக்கு. மூட்டை நடுக்கடலில் மிதந்துகொண்டிருக்கும்போதே சீட்டு மூன்று கை மாறிவிடும்! பணமோ பெரும்பாலும் வங்கி வழியே, 'எல்.சி.' திறந்து வரும். வங்கி மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கும். அதிலே சரக்கின் விவரம் ஒரு சொல் பிசகினாலும், தேதி தவறினாலும் பணம் நிற்கும். அனுப்பியது தங்கமாகவே இருக்கட்டும், நிற்கும்.

விலை பேசும்போது 'எஃப்.ஓ.பி.', 'சி.ஐ.எஃப்.' என்று சில எழுத்துகள் வரும். 1936 முதல் பாரிசிலுள்ள பன்னாட்டு வணிகக் கழகம் வகுத்துவரும் விதிகள் இவை. 'சி.ஐ.எஃப்.' என்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் விற்பவன் தலையில். ஆகவே சரக்கு வந்து சேரும்வரை நட்டமும் அவனுக்கே என்று வாங்குபவர் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை! கப்பலில் ஏற்றியவுடனே நட்டப் பொறுப்பு வாங்கியவர் தோளுக்கு மாறிவிடும். வழியிலே கொட்டை நனைந்தால், காப்புறுதிச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியவர் பண்ருட்டிக்காரரே. மூன்று எழுத்து! அன்றைய பீரங்கி வரிக்கு இது ஒன்றும் இளைத்ததல்ல.

எழுத்தறிந்த தமிழர் அக்காலத்திலும் இருந்தார்கள். துபாஷி என்ற பெயரே இருமொழி அறிந்தவர் என்று பொருள்படுவது. புதுச்சேரியிலே டியூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவைத்த நாட்குறிப்பைப் புரட்டினால், சரக்கும் கப்பலும் கடனும் வழக்கும் கண்முன் நிற்கும். ஆனால் அந்த இடம் குலமும் செல்வமும் உடைய சிலருக்கே கிட்டியது. நெய்தவனுக்கும் மூட்டை தூக்கியவனுக்கும் அங்கே வாசற்படி இல்லை. இன்று அந்த வாசலைத் திறந்துவிடக் கல்லூரி இருக்கிறது என்பதே நம் பேச்சு.

எங்கே படிப்பது? டில்லியில் 1963இல் மத்திய அரசு நிறுவிய இந்திய அயல்நாட்டு வணிக நிலையம் இத்துறையில் பெயர்பெற்றது. அதற்கு நுழைவுத் தேர்வும் கடினம், செலவும் அதிகம். நமக்கு அண்மையில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் பன்னாட்டு வணிகத்துக்கெனத் தனித்துறைகள் உண்டு. அவற்றுக்கு முதற்படி ஒரு பட்டம். பி.காம். படித்துவிட்டும் போகலாம்.

படித்து என்ன வேலை? ஏற்றுமதி நிறுவனங்களில் ஆர்டர் பார்க்கும் வேலை, வங்கிகளில் அந்நியச் செலாவணிப் பிரிவு, கப்பல் ஏஜெண்டு அலுவலகம், காப்புறுதி, சரக்குத் தர ஆய்வு. சென்னை ராஜாஜி சாலையிலுள்ள சுங்க மாளிகையைச் சுற்றிக் கிளியரிங் ஏஜெண்டுகள் இருக்கிறார்களே, அங்கே பிளஸ் டூ தேறியவரும் உதவியாளராக நுழையலாம். பட்டமும் பெற்று, சுங்கத்துறைத் தேர்விலும் வென்றால், தம் பெயரிலேயே உரிமம் கேட்கலாம். சொந்தமாக ஏற்றுமதி செய்யவோ, அரசு தரும் ஏற்றுமதி இறக்குமதி எண் ஒன்று போதும். வருமான வரியின் பான் எண்ணே இப்போது அந்த எண். முதலில் குமாஸ்தா வேலைதான் கிடைக்கும், சம்பளமும் குறைவாகத்தான் இருக்கும். அதை மறைத்துப் பேச நாம் விளம்பரக்காரர் அல்லர்.

விளம்பரக்காரர் இருக்கிறார்கள். கோட்டும் டையும் அணிந்த இளைஞன், பின்னால் ஒரு விமானம், கீழே லட்சத்தில் சம்பளம்! ஏக்கரை அடமானம் வைத்துக் கட்டணம் கட்டிய பின்னர், ஒரு பி.எல்.லைக்கூடக் கண்ணால் பார்க்காமல் பட்டத்தோடு வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. ஆகவே சேர்க்குமுன் கேளுங்கள். அங்கீகாரக் கடிதம் எங்கே? துறைமுகத்தையோ வங்கியையோ அறிந்த ஆசிரியர் யார்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்; அவர்களில் இருவரோடு பேச முடியுமா? மழுப்புகிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை வட்டாரத்திலிருந்து வளைகுடா போய்வந்தவர் எத்தனை பேர்! துபாய்க் கிடங்கிலே பத்தாண்டு சரக்கு எண்ணியவருக்கு எந்த மாதம் எது விலைபோகும், எந்த வணிகன் நாணயஸ்தன் என்பதெல்லாம் மனப்பாடம். அரபு மொழியும் கொஞ்சம் வரும். பேராசிரியரிடம் இல்லாத கல்வி அது. ஆயினும் ஊர் திரும்பியதும் அவரைப் பெட்டிக்கடை வைக்கச் சொல்கிறோம்! அவர் அனுபவமும் அவர் மகளின் பி.காம். படிப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், வீராணத்து அரிசிக்கு அங்கே ஆள் தேட வேறு தரகர் எதற்கு? மகள் என்றே எழுதினோம். துறைமுகம் ஆண்பிள்ளை இடம் என்ற பேச்சைக் கேட்டு அவளை வீட்டில் நிறுத்த வேண்டாம்.

1916இலே சிதம்பரத்தில் சகஜானந்தர் நந்தனார் கல்விக்கூடம் தொடங்கியபோது, சேரிப் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. காட்டுமன்னார்கோயில் தந்த இளையபெருமாள், தீண்டாமை குறித்தும் தாழ்த்தப்பட்டோர் கல்வி, பொருளாதாரம் குறித்தும் 1965இல் அமைந்த குழுவுக்குத் தலைமை ஏற்று, 1969இல் இந்தியா முழுமைக்கும் அறிக்கை தந்தார். அந்த மண்ணின் பிள்ளைகள் இன்று அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறார்கள். பாடநூலில் ஏற்றுமதி ஓர் அத்தியாயமாக வந்து போகிறது. அது போதாது. சுங்கப் படிவமும் கப்பல் சீட்டும் நிரப்பும் பயிற்சியை, தமிழிலே விளக்கி, அங்கேயே தர வேண்டும். 2013இல் அரசு ஏற்றுக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஆசிரியரை அனுப்பச் சொல்லிக் கேட்போம். பண்ருட்டி முந்திரி ஆலைகளிலும் தூத்துக்குடித் துறைமுகத்திலும் மாணவர்க்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அரசு ஏற்பாடு செய்யட்டும், பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகையோடு.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருப்பதா? ஊர்தோறும் படிப்பகம் நடத்தும் தோழர்களே, நாளேட்டுக்குப் பக்கத்திலே ஒரு கப்பல் சீட்டின் நகலையும் மாட்டி வையுங்கள். வளைகுடா சென்று வந்தவர் ஒருவரை ஞாயிறு மாலை அழைத்து, அந்தச் சீட்டை வரிவரியாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பம் கொடுக்கும் வாரத்தில், படிக்காத தாய்தகப்பனோடு நீங்களும் உடன் சென்று, அந்த மூன்று கேள்விகளையும் அவர்கள் சார்பில் கேளுங்கள்.