முகமூடிப் பயம்

தூக்கத்தில் மூச்சு அடைபட்டுப் போவது என்பதாக ஒரு வியாதி இருப்பதும், அதற்கு "சி-பாப்" என்கின்ற காற்றுக் கருவி ஒன்று சிகிச்சையாக இருந்து வருவதும் வாசகர்களில் பலருக்குத் தெரிந்த சங்கதியேயாகும். இவ்வியாதி தமக்கு இருப்பதாக டாக்டர் சோதித்துச் சொல்லியும், பணம் செலவு செய்து அக்கருவியை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தும், முதல் இரவு முகமூடியை மாட்டிய இரண்டு நிமிஷத்திற்குள் "அய்யோ, மூச்சு முட்டுகிறதே" என்று பிடுங்கி எறிந்துவிட்டு, மறுநாள் முதல் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி விட்டவர்கள் அநேகர் இருக்கின்றார்கள். இத்தலையங்கம் அவர்களுக்காகவும், அவர்களுடைய வீட்டாருக்காகவும் எழுதப்படுவதாகும்.

முதலாவது, வியாதி இன்னதென்று பார்ப்போம். மனிதன் தூங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்து விடுகின்றன. சிலருக்கு இத்தளர்ச்சியினால் நாக்கின் அடிப்பாகமும் உள்நாக்கை ஒட்டிய மெல்லிய சதையும் பின்னுக்குச் சரிந்து, காற்றுப் போகும் வழியை அடைத்துக் கொள்ளுகின்றன. மார்பும் வயிறும் மூச்சை இழுக்கப் பாடுபட்டுக் கொண்டேயிருக்கும். காற்றோ உள்ளே போகாது. இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை திடுக்கிட்டு அரை விழிப்பு விழிக்கும். உடனே தொண்டை திறந்து பெருங்குறட்டையோடு காற்று உள்ளே பாயும். மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடைப்பு. இப்படி மூச்சு நிற்பதும் குறைவதுமாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடியாவது நீடிப்பதாக, மணிக்கு 5 தடவை முதல் 15 வரை வந்தால் லேசானது என்றும், 15 முதல் 30 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேற்பட்டால் கடுமையானது என்றும் வைத்தியர்கள் வகுத்திருக்கின்றார்கள். மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிஷத்திற்கு ஒரு தடவை கழுத்தை நெரிப்பது போலாகும். ஆனால் நெரிபட்டவனுக்குக் காலையில் அது ஞாபகம் இருப்பதில்லை. "எட்டு மணி நேரம் தூங்கினேன், ஆனாலும் அசதி தீரவில்லை" என்று தான் சொல்லுவான். இவ்வியாதி கவனிக்கப்படாமல் இருந்தால் பகலில் தூக்கம் தள்ளுவதும், இரத்த அழுத்தம் ஏறுவதும், வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்து தன்னையும் பிறரையும் கொன்று விடுவதும் நேருகின்றன.

இது ஏதோ நூற்றில் ஒருவருக்கு வரும் வியாதியும் அல்ல. 2019ஆம் வருஷத்தில் லான்செட் சுவாச வைத்தியப் பத்திரிகையில் வெளியான கணக்கொன்றின்படி, உலகத்தில் 30 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 93 கோடியே 60 லட்சம் பேருக்கு இது ஏதாவது ஒரு அளவில் இருக்கின்றது. அவர்களில் 42 கோடியே 50 லட்சம் பேருக்கு அது நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருக்கின்றது.

நம் மக்கள் இதைப் பற்றி என்ன நினைத்து வந்திருக்கின்றார்கள்? குறட்டை விட்டால் "ஆள் நிம்மதியாய்த் தூங்குகிறான்" என்றார்கள். நடுநிசியில் திணறி எழுந்தால் "அமுக்குவான் பேய் அமுக்கிற்று" என்று சொல்லித் தாயத்துக் கட்டினார்கள். விழித்த பிறகும் கைகால் அசையாமல் கிடப்பது வேறு. தொண்டை அடைபட்டுத் திணறுவது வேறு. இவ்விரண்டையும் ஒரே பேயின் தலையில் கட்டி, மந்திரிப்பவனுக்குத் தட்சணை கொடுத்தார்களே யொழிய, தூங்குகிறவனுடைய தொண்டையைப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கழுத்தில் கட்டிய தாயத்து கழுத்துக்குள் சரியும் சதையை எப்படித் தூக்கி நிறுத்தும் என்று யோசிக்கவும் இல்லை.

யோசித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1980க்கு முன்பு இவ்வியாதி கடுமையாய் இருந்தவர்களுக்கு, கழுத்தில் துளை போட்டு மூச்சுக் குழாயில் ஒரு குழலைச் செருகுவதே முக்கிய சிகிச்சையாய் இருந்தது. ஆஸ்திரேலியா தேசத்து சிட்னி சர்வகலாசாலையைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்கின்ற டாக்டர், சரிந்து அடைக்கும் தொண்டையை உள்ளிருந்தே காற்றினால் விரித்துப் பிடித்தால் என்ன என்று யோசித்தார். தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றை ஊதச் செய்து, மூக்கில் குழாய் வைத்துச் சுற்றிலும் சிலிக்கோன் பசையினால் அடைத்து, நோயாளியைத் தூங்க வைத்தார். மூச்சு அடைபடாமல் ஓடிற்று. 5 நோயாளிகளிடம் கண்ட பலனை 1981இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார். இன்றைய சி-பாப் அதன் சந்ததியேயாகும். கழுத்தை அறுக்க வேண்டிய இடத்தில் காற்று ஒன்றே போதும் என்று ஆகிவிட்டது.

நிற்க, இவ்வளவு நல்ல கருவியை ஏன் மக்கள் பூட்டி வைக்கின்றார்கள்? காரணம் கேட்டால் "சத்தம் போடுகிறது" என்பார்கள். "மூக்கு காய்கிறது" என்பார்கள். "எனக்கு அதெல்லாம் ஒத்துக்கொள்ளாது" என்பார்கள். சிலருக்கு இவை உண்மையாகவே இருக்கும். ஆனால் பலருக்கு உள்ளே இருக்கும் காரணம் பயமேயாகும். மூடிய அறை, கூட்டம் நிறைந்த லிப்ட், ஸ்கேன் எடுக்கும் குகை ஆகியவைகளைக் கண்டு நெஞ்சு படபடக்கின்றதே, அதே அடைபட்ட இடத்துப் பயம் தான் இங்கு முகமூடி ரூபத்தில் வருகின்றது. "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொல்ல வெட்கப்பட்டு, வேறு காரணம் தேடுகின்றார்கள். முக்கியமாக, பேய்க்கும் பயப்படேன், சாமிக்கும் பயப்படேன் என்று பேசி வந்த நமது தோழர்களுக்கு இதைச் சொல்லிக் கொள்ள வாய் வருவதில்லை. டாக்டரிடம் உண்மையைச் சொல்லாதவனுக்கு டாக்டர் என்ன செய்ய முடியும்?

ஆகவே அப்பயத்தை வெளியே எடுத்து வைத்து விசாரிப்போம். முகமூடி மூச்சை அடைக்கின்றதா? அடைப்பதில்லை. ஒவ்வொரு முகமூடியிலோ அதன் குழாய் முனையிலோ, விட்ட மூச்சு வெளியேறுவதற்கென்றே சிறு துவாரங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் நின்று போனால் செத்துப் போவோமே என்றால், மூக்கை மாத்திரம் மூடுவதில் வாய் திறந்திருக்கின்றது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவதில், காற்று நின்றவுடன் தானே திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் அடைப்பிதழ் இருக்கின்றது. காற்றின் வேகம் நெஞ்சை வெடிக்கச் செய்யுமா என்றால், இக்கருவி கொடுக்கும் அழுத்தம் சாதாரணமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்திற்குச் சமமானதாகும். நம்மைச் சுற்றியுள்ள ஆகாயமோ சுமார் 1,033 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்திற்குச் சமமாக எப்போதும் அழுத்திக் கொண்டிருக்கின்றது. அதாவது 10 சென்டிமீட்டர் என்பது அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கேயாகும். இரவெல்லாம் கழுத்தை நெரிப்பது தொண்டை. அதைத் தடுக்க வந்தது முகமூடி. நெரிப்பவனிடம் பயமில்லாமல், விடுவிக்க வந்தவனிடம் பயப்படுகின்றோம்.

இவ்வளவும் தெரிந்து கொண்டால் பயம் போய்விடுமா என்றால், போகாது என்று தான் உண்மையாய்ச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் பகுத்தறிவாளர்களும் ஏமாந்து போகின்றார்கள். புளிய மரத்தில் பேய் இல்லை என்று நிச்சயமாய்த் தெரிந்தவனுக்கும், இருட்டில் தனியாய் அதனடியில் முதல் தடவை போகும்போது முதுகு சிலிர்க்கத்தான் செய்யும். அதனால் அவன் மூடநம்பிக்கைக்காரன் ஆகிவிட மாட்டான். பத்து நாள் அவ்வழியே போய் வந்தால் சிலிர்ப்புத் தானே நின்று விடும். பயம் என்பது புத்தியில் மாத்திரம் இல்லை, உடம்பிலும் இருக்கின்றது. புத்திக்குச் சொல்லால் சொல்லலாம். உடம்புக்குப் பழக்கத்தால் தான் சொல்ல முடியும்.

இது நாம் கற்பனையாய்ச் சொல்லுவதல்ல. அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்கின்ற பெண்மணி 1924ஆம் வருஷத்திலேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கின்றார். முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறு பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்னும்போது கூண்டிலடைத்த முயலைத் தூரத்தில் வைத்தார். பிறகு நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கிட்டே கொண்டு வந்தார். நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, ஒரு நாயைக் கண்டும் பயந்து, பழைய பயம் திரும்பிற்று. அதற்காக விட்டுவிடாமல் மறுபடியும் தொடங்கினார். கடைசியில் அப்பிள்ளை முயலைத் தன் விரலைக் கடிக்க விட்டு விளையாடினான். பிள்ளைகளின் பயத்தைப் போக்கப் பல வழிகளைச் சோதித்த அவர், வெறும் வாய்ப்பேச்சும் கேலியும் பலன் தரவில்லை என்றும், படிப்படியான பழக்கமும், பயப்படாத பிள்ளைகளோடு சேர்ந்திருப்பதுமே பலன் தந்தன என்றும் கண்டார். ஜோசப் வோல்ப்பே என்ற டாக்டர் 1958இல் இவ்வகைச் சிகிச்சையை ஒரு முறையாக வகுத்து நூல் எழுதினார். 1993இல் எடிங்கர், ராட்கே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், முகமூடிக்குப் பயந்த ஒரு சி-பாப் நோயாளிக்கே இம்முறையைக் கையாண்டு பலன் கண்டதாக எழுதியிருக்கின்றார்கள்.

ஆதலால் செய்ய வேண்டியது இதுதான். முகமூடியை முதன்முதலில் படுக்கையில் இருட்டில் மாட்டாதீர்கள். பகலில், வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து கையில் எடுத்துப் பாருங்கள். துவாரங்கள் எங்கேயிருக்கின்றன என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கருவியை ஓட விட்டு, வாரை மாட்டாமல், கையாலேயே முகத்தில் ஒரு நிமிஷம் பிடித்து மூச்சு விடுங்கள். கை உங்களுடையது, வேண்டாமென்றால் எடுத்து விடலாம். பிறகு 5 நிமிஷம், 10 நிமிஷம். பிறகு வாரை மாட்டுங்கள். ஒரே இழுப்பில் கழற்றவும் பழகிக் கொள்ளுங்கள். எந்த நேரமும் கழற்ற முடியும் என்று தெரிந்த உடம்பு, கழற்ற அவசரப்படாது. பத்திரிகை படித்துக்கொண்டோ, டெலிவிஷன் பார்த்துக்கொண்டோ, ஒரு மணி நேரம் மாட்டியிருங்கள். அடுத்தபடி படுத்து மாட்டுங்கள். அடுத்தபடி பகலில் ஒரு சிறு தூக்கம். அதன் பிறகு இரவு. எந்தப் படியில் படபடப்பு வந்தாலும், வேகமாக மூச்சு வாங்காமல் மெதுவாக நீளமாக விடுங்கள். வேக மூச்சே மூச்சு முட்டுவது போன்ற உணர்ச்சியை அதிகப்படுத்துவதாகும். தாங்கவில்லையானால் ஒரு படி கீழே இறங்கி மறுபடியும் ஏறுங்கள். இறங்குவது தோல்வியல்ல, பீரோவில் பூட்டுவது தான் தோல்வி.

அன்றியும், முகமூடி ஒரே மாதிரியானதல்ல. மூக்குத் துவாரத்தில் மாத்திரம் பொருந்தி, கண்ணையும் முகத்தையும் மறைக்காத சிறு வகையும் உண்டு. காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றும் ஏற்பாடும், காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. சிலருக்குத் தொடக்க அழுத்தம் மிகக் குறைவாயிருப்பதே காற்றுப் போதாதது போலிருக்கும். டாக்டரிடம் சொன்னால் சரி செய்து கொடுப்பார். ஆனால் அழுத்தத்தைத் தானே மாற்றுவதும், துவாரத்தை அடைப்பதும், தூக்க மாத்திரையைத் தானே விழுங்குவதும் கூடாது. இருதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்திருப்பவர்கள் காந்தக் கொக்கியுள்ள முகமூடியை வாங்கக் கூடாது. வாரக்கணக்கில் முயன்றும் பயம் தணியாவிட்டால் மனோதத்துவ வைத்தியரிடம் போவதில் யாதொரு மானக்கேடும் இல்லை. கருவி உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளும் பற்கருவி, உடல் எடைக் குறைப்பு, சிலருக்கு ரண சிகிச்சை முதலிய வேறு வழிகளும் இருக்கின்றன. ஒன்றும் செய்யாமல் இருப்பது மாத்திரம் ஒரு வழியல்ல.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. முகமூடி மாட்டியவரைப் பார்த்து "யானை", "பூதம்" என்று சிரிப்பது உங்களுக்கு வேடிக்கை. அவருக்கு அது அன்றிரவுச் சிகிச்சையின் முடிவு. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடவை நீங்களும் அந்தக் காற்றை உங்கள் கன்னத்தில் பிடித்துப் பாருங்கள். பெண்கள் விஷயத்திலோ அநியாயம் இன்னும் அதிகம். ஆண் குறட்டை விட்டால் ஆண்மை. பெண் விட்டால் அவமானம். அதனால் அவள் சொல்லுவதில்லை. சொன்னாலும் "வேலை அசதி" என்று தள்ளி விடுகின்றார்கள். கருவி வந்த பிறகும் "புருஷன் முன்னால் இந்தக் கோலத்திலா?" என்று கழற்றி வைக்கின்றாள். பெண்ணின் முகம் பிறர் பார்ப்பதற்காக இருக்கின்றது என்ற அடிமைப் புத்தி, அவள் மூச்சையே பறிக்கின்றது. மூச்சை விட அழகு பெரிதென்று சொல்லும் புருஷன் யாராவது இருந்தால், அவனிடம் முதலில் ஒரு நாள் மூச்சை விடாமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, இக்கருவி வியாதியை வேரோடு அறுப்பதல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். மாட்டிய இரவு பலன். மாட்டாத இரவு பழைய தொண்டை. கண்ணாடி போட்டால் எழுத்துத் தெரிகின்றது, கழற்றினால் தெரிவதில்லை என்பது போன்றதே இதுவும். கண்ணாடி போட வெட்கப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. இன்று யாரும் வெட்கப்படுவதில்லை.

பயப்படாதவன் தான் சுயமரியாதைக்காரன் என்று நாம் சொல்லவில்லை. தன் பயத்தை ஒளிக்காமல் எடுத்து வைத்து, அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்து, ஒரு நாளைக்கு ஒரு படியாக அதைக் கீழே இறக்குகிறவன் தான் சுயமரியாதைக்காரன். ஆகவே பீரோவில் பூட்டியிருப்பவர்கள் இன்று பகலிலேயே அதைத் திறந்து, ஒரே ஒரு நிமிஷம் கையில் பிடித்து மூச்சு விட்டுப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம்.